பேர் எழுதாத சீட்டு

பைண்டிங் கடைக்காரர் என் வேதாகமத்தைத் திருப்பிக் கொடுத்தபோது கூடவே ஒரு பிளாஸ்டிக் கவரையும் நீட்டினார். "உள்ள இருந்த பேப்பர்ங்க எல்லாத்தையும் இதுல போட்டு வெச்சுகீறேன்மா. ஒண்ணு கூட வீசல. நல்லா பாத்துக்கோங்க" என்றார். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சந்தில் இருக்கும் கடை. பசை வாடை குப்பென்று வந்தது. பசையும் பழைய காகிதமும் சேர்ந்த அந்த வாடை நம் சபைக் கூடத்தின் ஸ்டோர் ரூமில் அடிக்குமே, அதேதான்.

நின்ற இடத்திலேயே கவரைத் திறந்தேன். வருடா வருடம் வாங்கிய வாக்குத்தத்த அட்டைகள், காய்ந்த குருத்தோலைச் சிலுவை, அப்பாவின் அடக்க ஆராதனைத் தாள், என் மகனின் பாஸ்போர்ட் போட்டோ. எல்லாவற்றுக்கும் கீழே, நாலாக மடித்த கோடு போட்ட தாள் ஒன்று. பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நீ எழுதிக் கொடுத்த சீட்டு அது. இல்லை, நீ எனக்குக் கொடுக்கவில்லை. டப்பாவில் போட்டாய். நான் எடுத்தேன். ஒரே வாரத்தில் கிழித்துப் போட வேண்டியதை முப்பது வருடத்துக்கு மேலாக வைத்திருக்கிறேன். நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

அந்த டப்பா உனக்கு ஞாபகம் இருக்கும். எண்பதுகளின் கடைசி. நமக்குப் பதினேழு வயது. மேனாம்பேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கூடம், சனிக்கிழமை ஐந்து மணிக்கு வாலிபர் ஐக்கியம். உன் அப்பா பாடி ஃபேக்டரியில் ஷிப்டு முடித்து சைக்கிளில் வரும் வழியில் நம்மைப் பார்த்தால் மணியடித்துவிட்டுப் போவார். உள்ளே வெந்து சாவோம். இருந்தாலும் போவோம், வேறு எங்கே நம்மை விட்டார்கள்? வசனப் போட்டி, வினாடி வினா, டாம்பரின் தட்டிப் பாட்டு, மே மாதத்தில் தெருப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி. நீ சைகைப் பாட்டு சொல்லிக் கொடுத்தால் மற்ற மதத்துப் பிள்ளைகளெல்லாம் ஓடி வந்து வரிசையில் நிற்கும். நான் சொல்லிக் கொடுத்தால் பாதி வரிசை தண்ணீர் குடிக்கப் போய்விடும். இதை அப்போது நான் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். வயிறு எரியும், அதை யாருக்கும் காட்டியதில்லை.

ஐக்கியச் செயலாளர் அண்ணன் ஒருநாள் ஒரு பிஸ்கட் டப்பாவில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார். "இது ஜெப டப்பா. அவங்கவங்க மனசுல இருக்கறத எழுதிப் போடுங்க. பேர் எழுதக் கூடாது. கைக்கு வர்ற சீட்டுக்கு ஒரு வாரம் ஜெபம் பண்ணணும், அப்புறம் கிழிச்சுடணும். யாரு எழுதுனதுன்னு தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருக்கணும், சரியா?" அண்ணன் நல்லவர். பதினெட்டுப் பிள்ளைகள், எல்லோரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே குழாயடி, யார் கையெழுத்து யாருக்குத் தெரியாது? ஆனாலும் அந்தச் சட்டத்தை எல்லோரும் மதித்தோம். ஒருத்தன் "கணக்குல பாஸாவணும்" என்று ஆறு வாரம் தொடர்ந்து எழுதினான், ஆறு வாரமும் யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் மட்டும் "வடநாட்டு ஊழியத்துக்கு என்னை எடுத்துப் பயன்படுத்தும்" என்று எழுதிப் போடுவேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது பஃப் கை வைத்த ஒரு ரவிக்கை. டப்பாவிடமே பொய் சொன்னவள் நான்.

அதற்கு ஒரு வருடம் முன்பு நடந்ததையும் சொல்ல வேண்டும். கூடத்தைக் கூட்டி ஜமுக்காளம் விரிக்க நாம் இரண்டு பேர் மட்டும் சீக்கிரம் வந்திருந்தோம். மத்தியானம் மூன்று மணி இருக்கும். துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாய். கை கால் வெட்டி இழுத்தது, கண் மேலே போய்விட்டது. நான் கத்தக்கூட இல்லை. உன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கையில் இருந்த சாவிக்கொத்தை உன் உள்ளங்கையில் திணித்து விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டேன். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று தெருவில் பார்த்திருக்கிறேன். சபைக் கூடத்துச் சாவி அது. அதில் எந்தத் தப்பும் எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

கண் திறந்ததும் முதலில் உன் தாவணியைத்தான் சரிசெய்தாய். அப்புறம் கேட்டாய்.

"யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்லடி. நான் மட்டும்தான்."

"யாராண்டயும் சொல்லாத. அம்மா சாவடிச்சுடும். சத்தியம் பண்ணு."

"நாம சத்தியம் பண்ணக் கூடாதுன்னு பைபிள்ல இருக்கே."

"ஐயே, பெரிய ஊழியக்காரி! சரி, சத்தியம் வோணாம். சொல்ல மாட்டேன்னு சும்மாவாச்சும் சொல்லு."

"சொல்ல மாட்டேன்" என்றேன். ஒரு வருடம் சொல்லவில்லை. என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், எனக்கு அது பெரிய சாதனை. என் அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. அப்போதே நான் செத்துப்போயிருந்தால் நல்ல தோழியாகப் போயிருப்பேன்.

அடுத்த வருடம் வாலிபர் முகாம் வந்தது. மூன்று நாள். காலைத் தியானத்தை நம்மில் ஒருவர்தான் நடத்த வேண்டும் என்று முடிவானது. எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். நினைத்ததென்ன, வீட்டில் சொல்லியே விட்டேன். அம்மா என் தாவணிக்குப் புது ரவிக்கை தைக்கக் கொடுத்தாள். சனிக்கிழமை அண்ணன் எழுந்து உன் பேரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். நீ என் பக்கம் திரும்பி, "நீதாண்டி எழுதிக் குடுக்கணும். எனக்கு இன்னா பேசறதுன்னே தெர்ல" என்றாய். நீ மனதாரத்தான் சொன்னாய். எனக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அந்தக் கூட்டம் முடியும்போதுதான் டப்பா சுற்றி வந்தது. கையை விட்டு எடுத்தேன். உன் கையெழுத்து. இதோ, இப்போதும் என் முன்னால் இருக்கிறது.

"என் இடுப்பில் ஒரு கயிறு இருக்கிறது. தர்காவில் மந்திரித்தது. அம்மா கட்டிவிட்டார்கள். கட்டிய பிறகு வரவில்லை. கழற்றவும் பயமாக இருக்கிறது, கட்டியிருக்கவும் பயமாக இருக்கிறது. ஆண்டவர் என்மேல் கோபப்படாமல் இருக்க ஜெபியுங்கள்."

எது வரவில்லை என்று நீ எழுதவில்லை. அந்தக் கூடத்திலேயே அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவள் நான் ஒருத்திதான். அது என் கைக்கே வந்தது. உனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும், நான் சீட்டைப் பிரித்தபோது நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன்.

முதல் மூன்று நாள் உண்மையாகவே முழங்கால் போட்டு உனக்காக ஜெபித்தேன். அதை நீ நம்ப வேண்டும். நாலாவது நாள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை வந்தது: கயிறு கட்டியவள் காலைத் தியானம் எடுக்கலாமா? வந்ததும் அதைத் துரத்தாமல் உட்கார வைத்துச் சோறு போட்டேன். இரண்டு நாளில் அதற்கு 'பாரம்' என்று பேரும் வைத்துவிட்டேன். நம் பாஷையில் அது பெரிய வார்த்தை. பாரத்தோடு ஜெபிக்கிறவள் என்றால் பெரியவர்களே திரும்பிப் பார்ப்பார்கள். என்னிடம் இருந்தது பொறாமை. அதைப் பொறாமை என்று சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை முகாமுக்கான உபவாச ஜெபம். காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். "மறைக்கிறதுதான் பாவம், மறைக்கிறதுதான் பாவம்" என்று மேசையைத் தட்டினார். கடைசியில் வட்டமாக நின்று கைகோத்துச் சங்கிலி ஜெபம். ஒருவர் முடித்தால் அடுத்தவர். நீ எனக்கு வலது பக்கம். உன் கை என் கைக்குள் இருந்தது.

என் முறை வந்தது. "ஆண்டவரே, இந்த வட்டத்துக்குள்ளேயே ஒரு கட்டோடு நிற்கிற என் அன்புச் சகோதரிக்காகக் கெஞ்சுகிறேன்" என்று ஆரம்பித்தேன். "ஆமென்" என்றார்கள். தர்கா என்றேன். "ஸ்தோத்திரம்" என்று பிரசங்கியார் குரல் ஓங்கியது. கயிறு என்றேன், இடுப்பு என்றேன், வலிப்பு என்றேன். ஒவ்வொரு ஆமெனுக்கும் என் குரல் ஒரு படி ஏறியது. அழுகையும் வந்தது, அது நிஜமான அழுகைதான், அது இன்னும் அசிங்கம். கடைசியில் உன் பேரையும் சொன்னேன். சீட்டில் நீ எழுதாத பேரை நான் சத்தமாகச் சொன்னேன்.

உன் கை சில்லிட்டுப்போனது. ஆனால் நீ அதை உருவிக்கொள்ளவில்லை. கடைசி ஆமென் வரை என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாய். உருவியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பெண்கள் ஐக்கியத்து அக்காக்கள் இரண்டு பேர் உன்னை ஸ்டோர் ரூமுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். உள்ளேயிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்து, "கத்திரிக்கோல் எங்கம்மா கீது?" என்று கேட்டார். பிள்ளைகளுக்கு வண்ணத்தாள் வெட்டுகிற கத்தரிக்கோல் எந்தப் பையில் இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். ஓடிப்போய் எடுத்துக்கொடுத்தேன். யாரும் என்னை ஓடச் சொல்லவில்லை.

கறுப்புக் கயிறும் அதில் ஒரு சின்னத் தகட்டுக் குழாயும். தினத்தாளில் வைத்து வெளியே கொண்டுவந்தார்கள். செயலாளர் அண்ணன் மட்டும் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "டப்பாலருந்து எடுத்ததா?" என்று மெதுவாகக் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து டப்பா வரவில்லை. முகாமில் காலைத் தியானத்தை நான்தான் எடுத்தேன். புது ரவிக்கை போட்டுக்கொண்டு எடுத்தேன். என்ன பேசினேன் என்று ஒரு வரிகூட நினைவில்லை, ரவிக்கை கை பிடிப்பாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கயிறு வெட்டிய மூன்றாம் வாரம் குழாயடியில் உனக்கு மறுபடி வலிப்பு வந்ததாம். இருபது குடம் வரிசையில் இருந்ததாம். கயிறு போனதாலா, பயத்தாலா, வெயிலாலா, எனக்குத் தெரியாது. மறுநாள் உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். அதைத் தொடவில்லை. என்னைத்தான் பார்த்துப் பேசினார்.

"நல்லா ஜெபம் பண்றியாமே, ஊரே சொல்லுது. என் பொண்ண பாக்க எவனாச்சும் வருவான் இல்ல, அவன் ஊட்டாண்ட போயும் நீயே ஒரு ஜெபம் பண்ணிட்டு வந்துடு, இன்னா? எனுக்கு அந்த வேல மிச்சம்."

என் அம்மா, "அக்கா, சின்னப் பொண்ணு, தெரியாம..." என்று இழுத்தாள்.

"தெரியாமயா? எல்லாம் தெரிஞ்சவ இவதானே? எம் பொண்ணு இவளாண்ட மட்டும்தான் சொல்லிச்சு."

டீ ஆறி ஆடை கட்டியது. உன் அம்மா போன பிறகு என் அம்மா அதை எடுத்து ஊற்றினாள். அந்த வருடக் கடைசிக்குள் நீங்கள் பூந்தமல்லிப் பக்கம் குடிபோய்விட்டீர்கள். வழியனுப்ப நான் வரவில்லை. தெரு மூலையிலிருந்து பார்த்தேன், உன் அப்பா மாட்டு வண்டியில் கட்டிலைக் கவிழ்த்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஏழெட்டு வருடம் கழித்து பாடியில் பஸ்ஸில் பார்த்தோம், நினைவிருக்கிறதா? ஆவடி பஸ். நிற்க இடமில்லை. யாரோ என் முதுகைத் தட்டினார்கள், திரும்பினால் நீ. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கொஞ்சம் சதை போட்டிருந்தாய், நன்றாக இருந்தாய். நீதான் பேசினாய்.

"இன்னாடி பேய பாத்தா மாதிரி பாக்கற? நாந்தான். கல்யாணம் ஆச்சு, இது என் பொண்ணு. அவுரு ஃபேக்டரில கீறாரு. நல்லவரு."

"உடம்பு...?" என்றேன்.

"பெரியாஸ்பத்திரில மாத்திர குடுத்தாங்க. துண்ணுகினே கீறேன். நாலு வருசமா வர்ல." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாய். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கே அவராண்ட எல்லாத்தையும் சொல்ட்டேன். எவளாச்சும் ஜெபம் பண்றதுக்குள்ள நாமளே சொல்லிடலாம்னு."

நான் சிரித்தேன். கேட்டாயா, நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன்! அந்த இடத்தில் "என்னை மன்னிச்சுடுடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நெரிசலில் யாருக்கும் கேட்டிருக்காது. அதற்குப் பதிலாக உன் குழந்தையின் கொலுசு அழகாயிருக்கிறது என்றேன், வெயிலைப் பற்றிப் பேசினேன், கூடத்துக்கு இப்போது காங்கிரீட் கூரை போட்டாயிற்று என்றேன். நீ கேட்டாய்: "இன்னமும் சத்தமா ஜெபம் பண்றியா?" குத்தலா, சும்மாவா, இன்றைக்கும் தெரியவில்லை. என் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கிவிட்டேன். ஜன்னல் வழியாக உன் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டி டாட்டா காட்ட வைத்தாய்.

அதுதான் கடைசி. அதற்கப்புறம் உன்னைத் தேடியிருக்கலாம், பூந்தமல்லி என்ன கடல் தாண்டியா இருக்கிறது? தேடவில்லை. சிறுநீரகக் கோளாறு என்றும், நீ போய்விட்டாய் என்றும் போன மாதம் செயலாளர் அண்ணன்தான் போன் செய்தார். கிழவராகிவிட்டார். "நீ வரணும்மா" என்று மட்டும் சொன்னார்.

வந்தேன். உன் வீட்டு வாசலில் உன் மகள், இடுப்பில் இருந்த அந்தக் குழந்தை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன்னை மாதிரியே மூக்கு. "ஆன்ட்டி, அம்மா உங்கள பத்தி நெறைய சொல்லும். சின்ன வயசுல ஃபிட்ஸ் வந்தப்போ நீங்கதான் மடில போட்டு, சர்ச் சாவிய கைல வெச்சு பாத்துக்கினீங்களாமே. யார்கிட்டயும் சொல்லலையாமே. 'அப்படி ஒரு ஃப்ரெண்டு கிடைக்கணும்டி'ன்னு எனக்கு சொல்லும். நீங்கதானே அது?"

"ஆமாம்மா" என்றேன்.

பாவி, ஆமாம் என்றேனே! நீ பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கியிருக்கிறாய். அந்தப் பாதியை வாங்கிப் பதக்கம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு உன் தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன். ஒரு ஜெபம் செய்யச் சொன்னார்கள். எழுந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீரையும் குடித்தேன்.

பைண்டிங் கடையில் சீட்டு மறுபடி கைக்கு வந்த அன்றிலிருந்து ஒரே போராட்டம். உன் மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் கிளம்பினேன். செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது: கயிற்றைப் பற்றி நீ அவளிடம் சொன்னாயோ இல்லையோ? என் நெஞ்சு லேசாக வேண்டும் என்பதற்காக உன் சீட்டை இரண்டாவது தரம் வாசிக்கப் போகிறேனா? புத்தி வரவே வராதா எனக்கு?

சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். நேற்று சாயங்காலம். உன் மகள் காபி கொடுத்தாள். சொன்னேன்: "உங்கம்மா என்னப் பத்தி பாதிதாம்மா சொல்லியிருக்கா. என்னை நம்பி அவ சொன்ன ஒண்ணை நான் நாலு பேர் முன்னாடி சொல்லிட்டேன். வேணும்னேதான் சொன்னேன். என்னன்னு கேக்காத, அது அவளோடது."

அவள் காலி டம்ளரை வாங்கி வைத்தாள். "அம்மாக்கு கோவம் இருந்துச்சா ஆன்ட்டி?" என்றாள்.

"காட்டிக்கல" என்றேன். "நான் மன்னிப்பு கேக்கவும் இல்ல."

அவள் என் கையை முதலில் பிடித்தது மாதிரி நேற்று பிடிக்கவில்லை. வாசல் வரை வந்தாள், பார்த்துப் போங்க என்றாள். அது சரிதான். அதுதான் எனக்கு வர வேண்டியது.

இதை எழுதி முடித்ததும் சீட்டைக் கிழித்துவிடப் போகிறேன். கிழித்தாலும் ஒன்றும் போகாது, ஒவ்வொரு எழுத்தும் எனக்கு மனப்பாடம். உன் கை என் கைக்குள் சில்லிட்டதும் அப்படியே இருக்கிறது. சத்தமாக ஜெபம் செய்கிறாயா என்று கேட்டாயே, இல்லை. அந்த முகாமுக்கப்புறம் ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. அதைத் தாழ்மை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் திருத்தவில்லை.

கடைசியாக ஒன்று. எழுதியதை எல்லாம் ஒரு தரம் மேலிருந்து கீழே படித்துப் பார்த்தேன். உன் பேரை இதில் எங்கேயும் எழுதவில்லை.